ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘டியோடினல் டைவர்டிகுலம்’ என்று வந்தால் பயப்பட வேண்டுமா?

மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டி பக்கம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றை முதலில் நினைத்துப் பார்ப்போம்.

அறுபது வயதைத் தாண்டிய வாப்பா, சாப்பிட்ட பிறகு மேல்வயிறு வலிக்கிறது என்கிறார். முதல் வாரம் சீரகத் தண்ணீர். அடுத்த வாரம் ஓம வாட்டர். அதன் பிறகு மெடிக்கலில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை. வலி போவதும் வருவதுமாக இரண்டு மாதம் ஓடுகிறது. ஒரு நாள் வலி கூடவே, தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ கூட்டிக்கொண்டு போய் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். மாலையில் கவர் கைக்கு வருகிறது. உள்ளே நாலைந்து வரிகளுக்கு நடுவில், ‘டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் டைவர்டிகுலம்’ என்று ஒரு வரி.

டாக்டரைப் பார்க்க மறுநாள் காலைதான் டோக்கன். அதற்குள் மகன் போனில் அந்தப் பெயரைத் தேடிவிடுகிறான். குடலில் ஓட்டை, ரத்தக்கசிவு, ஆபரேஷன் என்று வரிசையாக வருகிறது. வளைகுடாவில் இருக்கும் மூத்த மகனுக்கு போன் போகிறது. உம்மா அழுகிறார். அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறாக நடக்கும். அதே வரி வருகிறது. யாரோ, ‘அது சும்மா ஒரு பை, ஒன்றும் செய்யாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். கவர் அலமாரிக்குள் போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்து பெரியவருக்குக் குளிர் காய்ச்சல். கண் மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் வைத்துப் பார்க்கிறார்கள். மூன்று நாள் வீணாகப் போகிறது. பழைய ஸ்கேன் யாருக்கும் நினைவில்லை.

முதல் வீட்டின் பயத்துக்குத் தேவையில்லை. இரண்டாவது வீட்டின் அலட்சியம் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ஒரு வரியை எப்படி வாசிப்பது, எந்தப் பரிசோதனை எதைக் காட்டும், எங்கே ஏமாற்றும், எப்போது ஓட வேண்டும் என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறோம்.

பன்னிரண்டு விரல் குடல்

இரைப்பையிலிருந்து உணவு இறங்கியதும் முதலில் நுழையும் இடம் டியோடினம். தமிழில் முன்சிறுகுடல் என்கிறோம். ஏறத்தாழ 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம்தான். லாடம்போல் வளைந்து, கணையத்தின் தலைப்பகுதியை அணைத்தபடி இருக்கும். பன்னிரண்டு விரல்களைச் சேர்த்து வைத்த அளவு என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். அரபு மருத்துவர்கள் அதையே ‘இஸ்னா அஷர்’, அதாவது பன்னிரண்டு என்றார்கள். இப்னு சீனாவின் ‘அல் கானூன் ஃபித் திப்’ நூலை 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு லத்தீனில் மொழிபெயர்த்தபோது, அந்தப் பன்னிரண்டு ‘டியோடினம்’ ஆனது. இன்று நம் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் உள்ள சொல் அந்த வழியாக வந்ததுதான்.

மருத்துவர்கள் இந்தக் குடலை நான்கு பகுதிகளாகப் பிரிப்பார்கள். அவற்றில் இரண்டாவது பகுதியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் கொண்டுவரும் குழாயும், கணையநீரைக் கொண்டுவரும் குழாயும் ஒன்றாகச் சேர்ந்து குடலுக்குள் திறக்கும் வாசல் அங்கேதான் இருக்கிறது.

மணியாச்சி சந்திப்பை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மதுரையிலிருந்து கோவில்பட்டி, கடம்பூர் வழியாக வரும் பாதை திருநெல்வேலி நோக்கிப் போகிறது. தூத்துக்குடிப் பாதை வந்து அங்கே அதனோடு சேர்கிறது. வேறொரு சிறிய ஸ்டேஷனில் ஒரு வண்டி நின்றுபோனால் அந்தத் தடம் மட்டும்தான் பாதிக்கும். சந்திப்பில் நின்றுபோனால் இரண்டு தடமும் பாதிக்கும். டியோடினத்தின் இரண்டாம் பகுதியும் அப்படி ஒரு சந்திப்புதான்.

பை எப்படி உருவாகிறது?

குடலின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உள்ளே சவ்வு, வெளியே தசை. ரத்தக் குழாய்களும், பித்தக் குழாயும் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழையும் இடங்களில் தசை கொஞ்சம் பலவீனமாக இருக்கும். வயது ஏற ஏற, உள்ளிருந்து வரும் அழுத்தத்தால் அந்த இடத்தில் உள்சவ்வு வெளிப்புறமாகப் பிதுங்கி ஒரு சிறு பைபோல ஆகிவிடும். பழைய சைக்கிள் டயரில் நூல் விட்ட இடத்தில் டியூப் பிதுங்கி நிற்குமே, அதுபோல. இதைத்தான் டைவர்டிகுலம் என்கிறார்கள். நாம் ‘பக்கப்பை’ என்று வைத்துக்கொள்வோம்.

இது புற்றுநோய் அல்ல. கட்டி அல்ல. அல்சர் அல்ல. காரம் சாப்பிட்டதால் வந்தது என்றும் சொல்ல முடியாது. கரிசல் காட்டு மிளகாயின் மேல் இந்தப் பழியைப் போட வேண்டாம்.

பெருங்குடலுக்கு அடுத்தபடியாக, உணவுப் பாதையில் இத்தகைய பைகள் அதிகம் காணப்படும் இடம் டியோடினம்தான். நாற்பது வயதுக்கு முன் அரிது; ஐம்பது, அறுபதைத் தாண்டினால் அதிகம். இவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி, நாம் மேலே சொன்ன பித்தக் குழாய் வாசலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. பிறவியிலேயே குடலின் உட்பக்கமாகத் தொங்கும் பை ஒன்றும் உண்டு. அது மிக அரிது, வேறு வகை.

இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது நூற்றுக்கு 22 பேர் வரை இந்தப் பை இருந்ததாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேரிடம்தான் தெரிகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து இரண்டு விஷயங்கள் புரிகின்றன. ஒன்று, பை இருந்தும் தொந்தரவே இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம். இரண்டு, பை இருந்தும் படத்தில் தெரியாமல் போவதும் சாதாரணம்.

மூன்று நூற்றாண்டுத் தேடல்

1710இல் பிரான்சைச் சேர்ந்த ஷோமெல் என்பவர் இறந்த உடலை அறுத்துப் பார்த்தபோது இந்தப் பையைக் கண்டு எழுதியதே முதல் பதிவு. அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள், உயிரோடு இருப்பவரிடம் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. எக்ஸ்ரே வந்த பிறகு 1913இல் அமெரிக்க மருத்துவர் கேஸ் இதை முதன்முதலில் படத்தில் காட்டினார். 1934இல் ஜெர்மானியரான லெம்மெல் இன்னொன்றைக் கவனித்தார். பித்தக் குழாயில் கல்லும் இல்லை, கட்டியும் இல்லை. ஆனாலும் நோயாளிக்கு மஞ்சள் காமாலை. பக்கத்தில் இருந்த பை உப்பிக் குழாயை நெருக்கியதுதான் காரணம். இன்றும் அதற்கு ‘லெம்மெல் சிண்ட்ரோம்’ என்றே பெயர்.

பை எப்போது தொந்தரவு தரும்?

பை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் எதுவும் நடப்பதில்லை. நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே தொந்தரவு வருகிறது. வரும்போது அது ஐந்து விதமாக வரலாம்.

ஒன்று, பித்தக் குழாயும் கணையக் குழாயும் பாதிக்கப்படுவது. பையில் உணவு தேங்கினால் கிருமிகள் பெருகும். அவை பித்தநீரின் பொருள்களைப் பிரிப்பதால் பித்தக் குழாயிலேயே பழுப்பு நிறக் கற்கள் உருவாக வழி ஏற்படும். பித்தப்பையை ஆபரேஷன் செய்து எடுத்த பிறகும் சிலருக்கு மீண்டும் மீண்டும் குழாயில் கல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அடைப்பில் கிருமித் தொற்று சேர்ந்தால் குளிர் காய்ச்சல், காமாலை. கணையக் குழாய் அடைபட்டால் கணைய அழற்சி.

இரண்டு, பையே வீங்கிப் புண்ணாவது. வலியும் காய்ச்சலும் இருக்கும்.

மூன்று, ரத்தக்கசிவு. மலம் தார்போலக் கறுப்பாகப் போகும். சில சமயம் ரத்த வாந்தியும் வரும்.

நான்கு, பை ஓட்டையாவது. இது அரிது, ஆனால் ஆபத்தானது. டியோடினத்தின் பெரும்பகுதி வயிற்றின் பின்சுவரோடு ஒட்டி இருப்பதால், ஓட்டை விழுந்தாலும் கசிவு முன்பக்கம் வராமல் முதுகுப் பக்கம் பரவும். அதனால் வயிறு பலகைபோல இறுகாமல் இருக்கலாம். நிற்கவைத்து எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் குடல் ஓட்டைக்கு அடையாளமாக உதரவிதானத்துக்குக் கீழே தெரியும் காற்றும் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்பதை மட்டும் நம்பி, கடும் வலியில் இருப்பவரை வீட்டுக்குக் கூட்டிவரக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஐந்து, கிருமிப் பெருக்கத்தால் வயிற்றுப்போக்கு, சத்துக் குறைவு. இது மெதுவாக வரும்.

எந்தப் பரிசோதனை எதைக் காட்டும்?

வயிறு வலி என்று போனதும் பெரும்பாலும் முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கோவில்பட்டி போன்ற ஊரிலேயே எடுத்துவிடலாம். பித்தப்பைக் கல்லையும், பித்தக் குழாய் வீங்கியிருப்பதையும் அது நன்றாகக் காட்டும். கதிர்வீச்சு கிடையாது. ஆனால் ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது. டியோடினமும் அதன் பக்கப்பையும் காற்று நிறைந்த இடங்கள். அதனால் இந்த ஸ்கேனில் பை தெரியாமல் போவது வழக்கம். தெரிந்தாலும், அதில் உள்ள காற்று ஒரு கல்லைப்போல வெள்ளையாக மின்னி மருத்துவரைக் குழப்பலாம்.

சி.டி. ஸ்கேன் அடுத்த படி. கணையத் தலைக்கும் டியோடினத்துக்கும் நடுவில், மெல்லிய சுவருடன், காற்றோ தண்ணீரோ இரண்டுமோ அடங்கிய ஒரு பையாக அது தெரியும். கீழே தண்ணீர், மேலே காற்று, நடுவில் நேர்கோடு என்று தெரிந்தால் பக்கப்பை என்று சொல்வது எளிது. பையைச் சுற்றி வீக்கம், பின்பக்கம் கசிந்த காற்றுக் குமிழ்கள், சீழ் இவற்றைக் காட்டுவதிலும் சி.டி. ஸ்கேன்தான் முதலிடம். ஓட்டையோ ரத்தக்கசிவோ சந்தேகம் வந்தால் அவசரமாக எடுப்பது இதைத்தான்.

பேரியம் எக்ஸ்ரே பழைய முறை. சுண்ணாம்புக் கரைசல்போல இருக்கும் பேரியத்தைக் குடிக்கவைத்து, பல பக்கம் திருப்பிப் படம் எடுப்பார்கள். பையின் கழுத்தும் அளவும் இதில் தெளிவாகத் தெரியும். இப்போது பல இடங்களில் குறைந்துவிட்டது. ஓட்டை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் கொடுக்கமாட்டார்கள்.

எண்டோஸ்கோபி நமக்குப் பழகிய பெயர். வாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பார்ப்பது. அல்சரையும் இரைப்பைப் புண்ணையும் கண்டுபிடிக்க இது சிறந்தது. ஆனால் சாதாரண எண்டோஸ்கோபியின் கேமரா நேராக முன்னே பார்ப்பது. பித்தக் குழாய் வாசலோ டியோடினத்தின் பக்கச் சுவரில் இருக்கிறது. நேர் ரோட்டில் வேகமாகப் போகிறவருக்குப் பக்கத்துச் சந்து கண்ணில் படாததுபோல, பை தப்பிப் போய்விடும். பக்கவாட்டில் பார்க்கும் கேமரா கொண்ட தனிக் குழாய் ஒன்று இருக்கிறது. வாசலையும் அதன் அருகே இருக்கும் பையையும் நேரில் பார்க்க அதுதான் வேண்டும். ஆகவே, ‘எண்டோஸ்கோபி நார்மல்’ என்பதற்கு ‘பை இல்லை’ என்று அர்த்தம் அல்ல.

எம்.ஆர்.சி.பி. என்பது எம்.ஆர்.ஐ. கருவியில் பித்தக் குழாய்களையும் கணையக் குழாயையும் மட்டும் தெளிவாகப் படம் பிடிக்கும் முறை. கதிர்வீச்சு இல்லை, குழாய் எதையும் உள்ளே விடுவதும் இல்லை. கல் இருக்கிறதா, குழாய் எந்த இடத்தில் நெருக்கப்படுகிறது என்று அது சொல்லும். இந்தப் படத்தில் தண்ணீர் வெள்ளையாக மின்னும். இரைப்பையிலும் டியோடினத்திலும் உள்ள தண்ணீர் மின்னினால் குழாய்கள் மறைந்துபோகும். அதற்காகச் சில மையங்களில் ஸ்கேனுக்கு முன் அன்னாசிப்பழச் சாறு குடிக்கச் சொல்வார்கள். அதில் உள்ள மாங்கனீசு அந்தத் தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும். ‘ஸ்கேனுக்குப் போன இடத்தில் ஜூஸ் கொடுத்தார்கள்’ என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இ.ஆர்.சி.பி. என்பது பரிசோதனை மட்டுமல்ல, சிகிச்சையும்கூட. பக்கவாட்டுக் கேமராக் குழாயை விட்டு, பித்தக் குழாய் வாசலுக்குள் நுழைந்து கல்லை எடுப்பது, அடைப்பில் ஸ்டென்ட் வைப்பது எல்லாம் இதில்தான். இதனால் சிலருக்குக் கணைய அழற்சி வரக்கூடும் என்பதால், வெறுமனே ‘பார்ப்பதற்காக’ இதைச் செய்வதில்லை. எம்.ஆர்.சி.பி.யில் கல்லோ அடைப்போ தெரிந்து, எடுக்க வேண்டும் என்ற முடிவு வந்த பிறகுதான் செய்வார்கள். வாசல் பைக்குள்ளேயே இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா, கொஞ்சம் தள்ளி இருக்கிறதா என்பதைப் பொறுத்து வேலையின் கடினம் மாறும். முன்பே பை இருப்பது தெரிந்தால் செய்யும் மருத்துவர் தயாராக வருவார். பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இது.

ஸ்கேன் ஏமாறும் இடங்கள்

பைக்குள் காற்று இல்லாமல் முழுக்கத் தண்ணீர் மட்டும் நிறைந்திருந்தால், சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அது கணையத் தலையில் உள்ள நீர்க்கட்டிபோலத் தோன்றலாம். ‘கணையத்தில் கட்டி’ என்ற வார்த்தை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. உணவுத் துணுக்கும் காற்றும் கலந்து இருந்தால் சீழ்க்கட்டிபோலத் தோன்றலாம். பைக்குள் உள்ள காற்று, பித்தக் குழாயில் கல் இருப்பதுபோல எம்.ஆர்.சி.பி.யில் காட்டலாம்.

இதற்கு வழி இருக்கிறது. தண்ணீரோ மருந்துக் கரைசலோ குடிக்கவைத்து மறுபடி படம் எடுக்கலாம். ஆளைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் காற்று மேலே ஏறும், தண்ணீர் கீழே இறங்கும்; பையின் உருவம் மாறும். கணையக் கட்டி அப்படி மாறாது. அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவியால் உள்ளிருந்தே பார்க்கலாம். ஆகவே டியோடினத்தை ஒட்டிய இடத்தில் ‘கணைய நீர்க்கட்டி’ என்று ரிப்போர்ட் வந்தால், ‘டாக்டர், இது டைவர்டிகுலமாக இருக்க வாய்ப்பு உண்டா?’ என்று கேட்பதில் தவறில்லை. மருத்துவரும் ஸ்கேன் மருத்துவரும் படத்தை மறுபடி சேர்ந்து பார்க்க அந்தக் கேள்வி உதவும். அதேபோல, உண்மையான கட்டியை வெறும் பை என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பழியைப் பையின் மேல் போடும் முன்

ஸ்கேனில் தெரிந்தது ஒரு பை. வாப்பாவுக்கு இருப்பது வயிற்று வலி. இரண்டும் ஒரே உடலில் இருப்பதாலேயே ஒன்றுக்கு மற்றொன்று காரணம் ஆகிவிடாது. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பை சாதாரணம். வயிற்று வலியும் சாதாரணம். பையின் மேல் பழியைப் போட்டுவிட்டால் உண்மையான காரணம் மறைந்துபோகும்.

அதனால் நல்ல மருத்துவர் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடுவார். எண்டோஸ்கோபியில் அல்சர் இருக்கிறதா? அல்ட்ராசவுண்டில் பித்தப்பைக் கல் இருக்கிறதா? ரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ் கூடியிருக்கிறதா, அதாவது கணையம் பாதிக்கப்பட்டிருக்கிறதா? பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் கூடியிருக்கின்றனவா, அதாவது பித்தம் வடிவதில் தடை இருக்கிறதா? இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்புகூட மேல்வயிற்று வலியாக, ‘கேஸ்’போல வரும். திடீரென்று மேல்வயிறு அடைத்து வியர்த்தால் முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி.

லெம்மெல் சிண்ட்ரோம் என்று முடிவு செய்வதற்கும் இதே முறைதான். காமாலை இருக்கிறது, குழாய் வீங்கியிருக்கிறது, வாசல் பக்கத்தில் பை இருக்கிறது என்பது மட்டும் போதாது. கல் இல்லை, கட்டி இல்லை என்று நிச்சயமான பிறகுதான் அந்தப் பெயரைச் சொல்ல முடியும்.

சிகிச்சை

தொந்தரவு இல்லாத பைக்குச் சிகிச்சை தேவையில்லை. மாத்திரையால் பை சுருங்காது. மூலிகையாலும் சுருங்காது. ‘பையைக் கரைக்கிறோம்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ‘எதற்கும் எடுத்துவிடுவோம்’ என்று ஆபரேஷனுக்கு அவசரப்படவும் வேண்டாம். பித்தக் குழாயும் கணையமும் ஒட்டியிருக்கும் இடத்தில் கத்தி வைப்பது பெரிய வேலை. அதன் ஆபத்து, சும்மா இருக்கும் பையின் ஆபத்தைவிடப் பெரியது.

தொந்தரவு வந்தால், தொந்தரவுக்குத்தான் சிகிச்சை. கல் இருந்தால் இ.ஆர்.சி.பி. மூலம் எடுப்பார்கள். தொற்று இருந்தால் ஆன்டிபயாட்டிக். ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் எண்டோஸ்கோபி வழியாகவே நிறுத்தப் பார்ப்பார்கள். ஓட்டை விழுந்தவர்களில் நிலை சீராக இருக்கும் சிலரை மருத்துவமனையில் வைத்துக் கவனித்து மருந்தாலேயே குணப்படுத்த முடிகிறது; மற்றவர்களுக்கு ஆபரேஷன்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள்: இந்த மூன்றும் சேர்ந்தால் அது பித்தக் குழாயில் தொற்று. அன்றே மருத்துவமனையில் இருக்க வேண்டும். பெரியவர் குழம்பிப் பேசினாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மஞ்சள் காமாலை எல்லாம் ஒன்றல்ல. கல்லீரலில் வைரஸ் தாக்கி வருவது ஒரு வகை. பித்தக் குழாய் அடைத்து வருவது இன்னொரு வகை. அடைப்பில் வரும் காமாலையில் மலம் களிமண்போல வெளுத்துப் போகும், சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகும், உடம்பு முழுவதும் அரிக்கும். இந்த அடைப்பை எந்தப் பச்சிலையும் திறக்காது. கீழாநெல்லிக்காகக் காத்திருக்கும் நாட்களில் தொற்று ரத்தத்தில் ஏறிவிடும். எந்த வகைக் காமாலை என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு அல்ட்ராசவுண்டும் பெரும்பாலும் சொல்லிவிடும். அதை முதலில் செய்வோம்.

மலம் தார்போலப் போனாலும், ரத்த வாந்தி எடுத்தாலும், முதுகுக்குப் பாயும் தாங்க முடியாத வலி வந்தாலும் 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். மணியாச்சியிலிருந்து தூத்துக்குடியும் திருநெல்வேலியும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. விடியட்டும், பஸ் வரட்டும் என்று காத்திருப்பதில்தான் நேரம் போகிறது.

ஸ்கேனுக்குப் போகும் முன்

வெறும் வயிற்றில் வரச் சொன்னால் எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிக்கலாமா, காலை மாத்திரை போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. என்றால் கிரியேட்டினின் பார்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு, பழைய அலர்ஜி, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அதை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன்பே சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் சி.டி.க்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ரமலானில் இந்தக் கேள்வி பல வீடுகளில் வரும். தொந்தரவு இல்லாத பை நோன்புக்குத் தடை அல்ல. ஆனால் பித்தக் குழாயில் கல், அண்மையில் கணைய அழற்சி, ரத்தக்கசிவு என்று இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஸ்கேனின்போது தண்ணீரோ மருந்தோ குடிக்க வேண்டியிருக்கும் என்பதால், அவசரமில்லாத பரிசோதனையை அதற்கேற்ற நாளில் வைத்துக்கொள்ளலாம். அவசரம் என்றால் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிக்கு நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளும் சலுகை இருக்கிறது. அது தெரிந்தும் பெரியவர்கள் வலியை மறைப்பார்கள். பிள்ளைகள்தான் கவனிக்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் வழியுண்டு. எந்தச் சிகிச்சைக்கு, எந்த மருத்துவமனையில் பொருந்தும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில், பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கடைசியாக, அந்தக் கவரைப் பற்றி. ரிப்போர்ட் தாளோடு படத்தையும், சி.டி. தட்டு கொடுத்தால் அதையும் சேர்த்து ஒரே பையில் வையுங்கள். மேலே தேதியை எழுதுங்கள். ‘வாப்பாவுக்கு டியோடினத்தில் டைவர்டிகுலம் இருக்கிறது’ என்பதை வீட்டில் இரண்டு பேராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. இரவு இரண்டு மணிக்கு ஆட்டோ பிடிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தக் கவரை எடுத்து மேசையில் வையுங்கள். அந்த ஒரு வரியைக் கண்டு பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம், அலமாரியில் போட்டு மறந்துவிடவும் வேண்டாம்.